பெரட்டுக்களத்துப் போஸ்டர்

பதுளையில் அச்சடித்து வந்த எங்கள் முதல் போஸ்டரில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை.

மண்சரிவு அறிகுறிகளைச் சொல்லி, தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் ஒட்டுவதற்காகச் செய்தது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்சரிவில் புதைந்த பிறகு, எங்கள் பக்கம் அடைமழை என்றாலே தூக்கம் வராது. நாலு பேர், ஒரு மடிக்கணினி. ஒருத்தி வரைந்தாள், ஒருவன் படமெடுத்தான், தட்டச்சு நான். கொழுந்தெடுத்துவிட்டு வரும் சித்திதான் வாசித்துப் பார்ப்பவர்.

நான் பாமினியில் தட்டியிருந்தேன். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை உட்கார வைத்த பழைய எழுத்துரு அது. அச்சகக் கணினியில் பாமினி இல்லை; உள்ளே இருந்த ஆங்கிலக் கிறுக்கல் வெளியே வந்துவிட்டது. யூனிகோடில் மாற்றித் தட்டினேன்; அதில் ‘க’வுக்கு எந்தக் கணினியிலும் ஒரே எண்தான். எழுத்துரு மாறினாலும் ‘க’ மாறாது.

படமும் மங்கல். ஏ4 தாளில் தெளிவாக விழ 2480க்கு 3508 புள்ளிகள் வேண்டும்; வாட்ஸ்அப்பில் அனுப்பியதில் படம் சுருங்கியிருந்தது.

எல்லாம் திருத்தியதும் சித்தி பார்த்தார். “என்னா மகன், ‘நிலப்பிளவு’ன்னா யாருக்கு விளங்கும்? நெலம் வெடிச்சிருக்குன்னு போடு. ஊத்துத்தண்ணி கலங்குனா ஓடணும்னு பெருசாப் போடு.”

பெரிதாகப் போட்டோம். நான் இரண்டு இரவு விழித்து வரைந்த லோகோவுக்கு இடமில்லாமல் போனது. எனக்கு அதில் இன்னும் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.