பல்சீரமைப்பு மெழுகு

பல்சீரமைப்பு மெழுகு என்பது பல்லுக்குக் கம்பி கட்டியவர்கள், அக்கம்பி உராய்ந்து வாயினுள் புண் உண்டாகாமல் இருக்கப் பயன்படுத்தும் மென்மையான மெழுகு ஆகும். பேச்சு வழக்கில் இது பல் மெழுகு அல்லது வேக்ஸ் எனப்படுகிறது.

ஆக்கம்

இது பெரும்பாலும் பாரஃபின் மெழுகு, தேன்மெழுகு போன்றவற்றைக் கலந்து செய்யப்படுகிறது. சிலிக்கோனால் ஆன வகையும் உண்டு. விரல்களின் சூட்டிலேயே இளகுவதால் வேண்டிய வடிவில் அழுத்திப் பொருத்தலாம்.

செயற்படும் விதம்

கம்பி கட்டியவர்களுக்கு இருவகை வலிகள் ஏற்படும். முதலாவது, பற்கள் நகர்வதால் உண்டாகும் வலி. இது கம்பி முறுக்கப்பட்ட சில மணி நேரத்தில் தொடங்கி, ஏறத்தாழ 24 மணி நேரத்தில் உச்சமடைந்து, ஒரு வாரத்திற்குள் பெரும்பாலும் தணிந்துவிடும். இரண்டாவது, பிராக்கெட் எனப்படும் பற்பிடிகளும் கம்பியின் முனையும் கன்னத்திலும் உதட்டிலும் உரசுவதால் உண்டாகும் வலி. மெழுகு இரண்டாவது வலிக்கே பயன்படும், முதலாவதைக் குறைக்காது.

பயன்படுத்தும் முறை

1. பல் துலக்கி, கைகளைக் கழுவிக்கொள்ள வேண்டும்.
2. உறுத்தும் இடத்தைச் சுத்தமான துணியால் ஈரமின்றித் துடைக்க வேண்டும். ஈரத்தில் மெழுகு நிற்காது.
3. பட்டாணி அளவு மெழுகை உருட்டி, பற்பிடியை முழுவதும் மூடுமாறு அழுத்த வேண்டும்.
4. உண்ணும் முன்பும் பல் துலக்கும் முன்பும் எடுத்துவிட்டு, பின்னர் புதிய மெழுகை வைக்க வேண்டும்.

தவறிச் சிறிதளவு விழுங்கினாலும் பொதுவாகத் தீங்கில்லை. மெழுகுவர்த்தி மெழுகு வாயில் வைப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. அதை மாற்றாகப் பயன்படுத்தலாகாது.

மருத்துவரை அடையும் வரை

சேலம், திருச்செங்கோடு ஆகிய நகரங்களில் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. ஆனால் சேலம் மாவட்டத்தின் தம்மம்பட்டி போன்ற ஊர்களில் வசிப்போருக்கு அவை நெடுந்தொலைவில் உள்ளன. இரவில் கம்பி குத்தத் தொடங்கினால் உடனே செல்ல இயலாது. அந்நிலையில் மெழுகு கைவசம் இருப்பது பயனுள்ளது. மெல்லிய கம்பியாயின் பென்சில் அழிப்பானின் சுத்தமான முனையால் மெதுவாகப் பல்லை நோக்கி வளைத்து, அதன்மேல் மெழுகை வைக்கலாம். நகவெட்டியால் வெட்ட முயலக்கூடாது. துண்டு மூச்சுக்குழாய்க்குள் சென்றுவிடக்கூடும்.

ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கொப்பளிப்பது புண்ணுக்கு இதமளிக்கும். ஜவ்வரிசிக் கஞ்சி, இட்லி போன்ற மென்மையான உணவுகள் ஏற்றவை. தட்டுவடை, முறுக்கு, கரும்பு போன்றவை பற்பிடியைப் பெயர்த்துவிடக்கூடும்.

எல்லைகள்

மெழுகு தற்காலிகத் தீர்வே. உறுத்தல் நின்றுவிட்டது என்பதற்காகப் பெயர்ந்த பற்பிடியையோ நீண்ட கம்பியையோ அப்படியே விட்டுவிட்டால் சிகிச்சை தாமதமாகும். இரண்டு வாரங்களில் ஆறாத வாய்ப்புண், வீக்கம், காய்ச்சல் ஆகியவை இருந்தால் மருத்துவரைக் காண்பது கட்டாயம்.