மலைப்பாதையும் ரேடியேட்டர் நீரும்

அலிபிரியிலிருந்து திருமலைக்கு 1944இல் திறக்கப்பட்ட முதல் மலைப்பாதை இன்று இறங்கும் வண்டிகளுக்கும், 1974இல் அமைந்த இரண்டாவது பாதை ஏறும் வண்டிகளுக்கும் உரியவை. ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தைத் தாழ்ந்த கியரிலேயே கடக்கும் பேருந்தில் எரிபொருள் மிகுதியாக எரிய, வேகமோ குறைவாக இருப்பதால், ரேடியேட்டரின் மீது மோதவேண்டிய காற்றும் குறைந்து, வெப்பத்தை வெளியேற்றும் வேலை பெரும்பாலும் விசிறியின் தலையில் விழுகிறது. சித்தூரிலிருந்து பலமநேர் நோக்கி மொகிலி மலையேறும் சரக்கு லாரிகளின் நிலையும் இதுவே.

எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எஞ்சினைச் சுற்றியோடும் திரவமே வாங்கிக்கொண்டு ரேடியேட்டரில் விடுகிறது. நீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதி கலந்த கூலன்ட் −37 பாகை செல்சியஸ் வரை உறையாது என்பதால், பனியே காணாத இவ்வூர்களில் வெறும் நீர் போதும் என்ற எண்ணம் எளிதில் எழுகிறது. கலவையின் கொதிநிலை 107 பாகையளவுக்கு உயர்வது உண்மைதான்; ஆனால் திரவத்தை அழுத்தத்தில் வைத்திருக்கும் ரேடியேட்டர் மூடி சரியாக இருந்தால் வெறும் நீரே 120 பாகையளவில்தான் கொதிக்கும் என்பதையும், கலவையைவிட நீரே வெப்பத்தை நன்றாகச் சுமக்கும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆகவே, வெப்ப நாட்டில் கூலன்ட்டின் தலையாய பயன், அதில் சிறிதளவே கரைந்துள்ள அரிப்புத் தடுப்பான்களில், அதாவது உலோகப் பரப்பில் மெல்லிய காப்புப் படலம் அமைக்கும் வேதிப்பொருள்களில், இருக்கிறது. வார்ப்பிரும்பு, அலுமினியம், செம்பு ஆகியவை ஒரே நீரில் நனையும்போது அவற்றுள் ஒன்று மின்வேதி வினையால் விரைந்து அரிக்கப்படுகிறது. ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீரை ஊற்றினால், அதிலுள்ள கால்சியம், மக்னீசிய உப்புகள் சூடான சுவரில் படிந்து, வெப்பம் கடக்கவொட்டாத ஓடாகின்றன. கனரக டீசல் எஞ்சின்களில் இன்னொரு கேடும் உண்டு: பிஸ்டனின் இடிப்பால் அதிரும் லைனரின், அதாவது சிலிண்டர் உள்ளுறையின், வெளிப்புறத்தில் நுண்குமிழிகள் தோன்றி வெடித்து, காலப்போக்கில் சுவரையே துளைத்துவிடும்; இதைத் தடுப்பதும் அந்தக் காப்புப் படலமே.

தடுப்பான்கள் நாளடைவில் செலவாகிவிடுவதால், திரவத்தின் அளவு குறையாதபோதும் தயாரிப்பாளர் குறித்த காலத்தில் அதை மாற்றவேண்டும். இடையில் குறைந்ததை உப்பு நீக்கிய நீரும் அதே வகைக் கூலன்ட்டும் கொண்டே நிரப்பவேண்டும். மலையேறிய சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென விலகி, திரவம் கொதித்துப் பீறிட்டு முகத்தை வேகவைத்துவிடும். வடித்த பழைய கூலன்ட்டைத் தரையில் ஊற்றுவதும் ஆபத்தே. இனிப்புச் சுவையுள்ள கிளைக்காலை நக்கும் நாயின் சிறுநீரகம் செயலிழக்கிறது.