நீருக்கு மேல் ஓர் அடையாளம்: சுழியோடிகளும் குறிமிதவையும்

பிரான்ஸின் கடற்கரைகளிலும், விடுமுறைக் காலத்தில் திருகோணமலை, நிலாவெளி போன்ற தாயகக் கடல்களிலும் காற்றுச் சிலிண்டருடன் சுழியோட விரும்பும் லாச்சப்பல் வாழ் தமிழ் மக்களுக்காக இவ்விளக்கம் தரப்படுகிறது. சுழியோடி எடுத்துச் செல்லும் கருவிகளுள் மிகவும் எளியது குறிமிதவை. கடலில் ஒருவர் கண்டுபிடிக்கப்படுவதும் காணாமற்போவதும் பல வேளைகளில் அதனைப் பொறுத்தே அமைகின்றன.

மிதவை ஏன் தேவை?

நீருக்கடியில் இருப்பவரைப் படகில் இருப்பவர் காண இயலாது. சிறிது அலை எழுந்தாலும் மூச்சுக் குமிழிகள் மறைந்துவிடும். நீரோட்டமோ, இறங்கிய இடத்திலிருந்து வெகுதொலைவுக்கு ஒருவரைக் கொண்டு சென்றுவிடும். அவர் மேலே வந்த பின்னரும் நீருக்கு மேல் தெரிவது தலை மட்டுமே. இதனால் இரண்டு ஆபத்துகள் நேரும். விரைந்து வரும் வேறொரு படகு அவர்மீது மோதலாம்; அல்லது அவருடைய படகே அவரைக் காணாது தவறவிடலாம்.

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பில், கல்லின் பாரத்துடன் ஒருவர் கீழே இறங்க, மற்றொருவர் படகில் கயிற்றைப் பிடித்துக் காத்திருப்பார். கீழிருந்து கயிறு அசைந்ததும் மேலே இழுப்பார். இன்றைய சுழியோடிக்கு அக்கயிறு இல்லை. படகுக்கும் அவருக்கும் இடையே அற்றுப்போன அத்தொடர்பை மீண்டும் ஏற்படுத்துவதே குறிமிதவையின் பணி.

சட்டம் கூறுவது

சுழியோடும் கழகங்களையும் பயிற்சி நிலையங்களையும் பிரெஞ்சு விளையாட்டுச் சட்டக்கோவை கட்டுப்படுத்துகிறது. கடல், ஏரி போன்ற இயற்கை நீர்நிலைகளில் ஒன்றாக இறங்கும் ஒவ்வொரு குழுவிடமும் ஒரு மிதவை இருத்தல் வேண்டும் என அது விதிக்கிறது. பிரெஞ்சு மொழியில் இதற்குப் 'பராஷூட் து பாலியே' என்று பெயர்.

குழுவுக்கு ஒன்று என்பது சட்டம் கோரும் குறைந்த அளவு மட்டுமே என்பதை வாசகர்கள் கருத்திற்கொள்ள வேண்டும். மிதவை வழிகாட்டியிடம் இருக்க, குழுவிலிருந்து ஒருவர் பிரிந்துவிட்டால், அது மிகவும் தேவைப்படும் அவரிடமே மிதவை இராது. ஆகவே ஒவ்வொருவரும் தமக்கென ஒரு மிதவையையும் கயிற்றுச் சுருளையும் எடுத்துச் செல்வதும், அவற்றைப் பயன்படுத்தப் பழகியிருப்பதும் நன்று.

பயன்படுத்தும் முறை

மிதவை என்பது செம்மஞ்சள் அல்லது சிவப்பு நிறமுள்ள நீண்ட துணிக்குழாய். சுருட்டி மேலங்கியின் பையில் வைத்துக்கொள்ளலாம். ஒரு மீட்டருக்கு மேற்பட்ட உயரமுடையது தொலைவிலிருந்தும் தெரியும். சுழியோட்டத்தின் முடிவில், மேலே வருமுன் இது நீருக்கடியிலிருந்து அனுப்பப்படுகிறது.

1. முதலில் தலைக்கு மேலே படகோ பிற சுழியோடிகளோ இல்லை என்பதை உறுதிசெய்து, துணைவருக்குச் சைகை காட்டுக.

2. கயிறு சிலிண்டரிலோ வேறு கருவிகளிலோ சிக்காதவாறு மிதவையை உடலுக்கு முன்னே பிடித்து விரிக்குக.

3. சிறிதளவு காற்றை மட்டும் செலுத்துக. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பிலுள்ளதைப்போல் இரு மடங்காகும். அங்கு அரைவாசி நிரம்பிய மிதவை மேலே செல்கையில் முழுமையாக நிரம்பிவிடும்.

4. கயிறு தடையின்றி ஓடட்டும். சுருள் இறுகிக்கொண்டால் உடனே கைவிடுக. மிதவையைப் பற்றிக்கொண்டு விரைந்து மேலெழுவது நுரையீரலுக்கும் உயிருக்கும் கேடு விளைவிக்கும். இக்காரணத்தாலேயே கயிற்றை ஒருபோதும் உடலில் கட்டலாகாது.

5. கயிற்றை இறுக்கமாக வைத்துக்கொண்டு, மெதுவாக மேலேறி, 5 மீட்டர் அளவில் தரிப்பை முடித்த பின்னரே மேற்பரப்பை அடைக. அங்கும் மிதவையை நிமிர்த்திப் பிடித்திருக்குக.

படகோட்டிகள் அனைவரும் இவ்வடையாளத்தை அறிந்திருப்பர் எனக் கொள்ளலாகாது. மிதவை பார்ப்பவரை எச்சரிக்கும். படகைத் தடுத்து நிறுத்தாது. எனவே மேலே வரும்போது சுற்றிலும் பார்ப்பதும், இயந்திர ஒலிக்குச் செவிகொடுப்பதும் இன்றியமையாதவை.

மீன்பிடிப்போருக்கும் நீந்துவோருக்கும்

மூச்சடக்கி நீருக்கடியில் மீன்பிடிப்போரும் தம் இருப்பை மிதவையால் அறிவித்தல் பிரான்ஸில் கட்டாயம். இதற்கு 16 வயது நிறைந்திருக்க வேண்டும். காற்றுச் சிலிண்டருடன் மீன்பிடிப்பது தடைசெய்யப்பட்டுள்ளது. ஊரில் கடற்றொழில் செய்து பழகியவர்களும் இவ்விதிகளுக்கு உட்பட்டவர்களே.

பாரிஸ் நகரிலும் இவ்வழக்கம் புதியதன்று. 1923 முதல் தடைசெய்யப்பட்டிருந்த சென் நதி நீராடல், 2025 ஜூலை மாதத்தில் மூன்று இடங்களில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது, நீந்துவோர் மஞ்சள் நிற மிதவையை இடுப்பில் கட்டியிருத்தல் வேண்டும் எனப் பணிக்கப்பட்டது.

எங்கே கற்கலாம்?

மிதவையை முதன்முதலாகக் கடலில் விரிக்க முயல்வது பொருத்தமன்று. பயிற்றுநரின் துணையுடன் குளத்தில் பலமுறை பழகிய பின்னரே கடலுக்குச் செல்ல வேண்டும். பாரிஸின் வடக்கே வில்நெவ்-லா-கரேன் நகரிலுள்ள நீச்சல் நிலையத்தில் 20 மீட்டர் ஆழமுடைய பயிற்சிக் குழி உள்ளது. கழகங்களைப் பற்றிய விவரங்களைச் செப்டெம்பர் மாதத்தில் வட்டாரங்கள்தோறும் நடைபெறும் சங்கங்களின் சந்திப்பு நாளில் நேரில் கேட்டறியலாம். 3975 என்னும் மாநகர சபைத் தொலைபேசி எண்ணிலும் வினவலாம்.

அவசர வேளையில்

பிரெஞ்சுக் கடற்கரையில் எவரேனும் நீரில் காணாமற்போனால், கரையிலிருந்து 196 என்னும் எண்ணை உடனே அழைக்கவும். கடல் மீட்பு ஒருங்கிணைப்பு நிலையம் பதிலளிக்கும். படகில் வானொலி இருந்தால் 16ஆம் அலைவரிசையைப் பயன்படுத்தவும். இறுதியாகக் கண்ட இடம், நேரம், மிதவையின் நிறம் ஆகிய மூன்றையும் முதலிலேயே தெரிவிக்கவும். சுழியோடச் செல்பவர் தம் மிதவையின் நிறத்தையும் திரும்பும் நேரத்தையும் கரையிலுள்ள குடும்பத்தாரிடம் கூறிச் செல்வாராயின், தேடுவோரின் பணி எளிதாகும்.