முந்திய விமானத்தில் ஓர் இருக்கை

அமெரிக்காவில் வாழும் மகனோ மருமகனோ உடன்பிறந்தாரின் பிள்ளையோ உங்கள் குடும்பத்தில் இருக்கக்கூடும். அவர் டல்லாஸ் நகரில் ஓர் அலுவலை முடித்துக்கொண்டு நியூயார்க் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையிலிருக்கும் பயணச்சீட்டு மாலை 6 மணி விமானத்துக்குரியது. அலுவலோ முற்பகலிலேயே முடிந்துவிட்டது. அல்லது ஊரிலிருந்து வரக்கூடாத செய்தி ஒன்று தொலைபேசியில் வந்துவிட்டது. நண்பகலில் அதே நிறுவனத்தின் வேறொரு விமானம் நியூயார்க்குக்குப் புறப்பட இருக்கிறது. அதில் நான்கைந்து இருக்கைகள் வெறுமையாகவே செல்லப் போகின்றன. அவற்றுள் ஒன்றில் அவர் அமர்ந்து செல்ல இயலுமா?

இயலும். பல வேளைகளில் ஒரு டாலர்கூடக் கூடுதலாகச் செலுத்தாமலே இயலும். இதற்கு 'ஸ்டாண்ட்பை' என்று பெயர். இருக்கை மிஞ்சினால் தருமாறு கேட்டுக் காத்திருப்பதே அது. ஆனால் அந்தக் காத்திருப்புக்கு ஒரு வரிசை உண்டு. நம் ஊர் ரேஷன் கடையில், முதலில் வந்தவர் முதலில் வாங்கிச் செல்லும் வரிசையைப் போன்றதன்று அது.

கதவு மூடினால் விலை இல்லை

நிறுவனங்கள் ஏன் இந்த வசதியைத் தருகின்றன? தாராள மனத்தினால் என்று எண்ணிவிடாதீர்கள். மாலை மயங்கும் நேரத்து மீன்கடையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். விற்காத மீனை நாளைக்கு வைத்து விற்க இயலாது. விமானத்தின் இருக்கையும் அப்படித்தான். கதவு மூடிய மறுகணமே வெற்றிருக்கைக்கு மதிப்பு இல்லாமற் போகிறது. அதே வேளையில் மாலை விமானத்தில் ஓர் இருக்கை காலியானால், கடைசி நேரத்தில் ஓடிவரும் ஒருவருக்கு அதை உயர்ந்த விலைக்கு விற்கலாம். வேறோர் ஊரிலிருந்து தாமதமாக வந்து இணைப்பு விமானத்தைத் தவறவிட்டவருக்கும் அதைக் கொடுக்கலாம். நம் பயணியை நண்பகலிலேயே ஏற்றி அனுப்பிவிடுவது நிறுவனத்துக்கும் நன்மையே.

இங்கே இரண்டு வழிகளைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, அன்றைய வேறொரு விமானத்துக்கு உறுதியான இருக்கையுடன் மாற்றிக்கொள்வது. இதற்குச் சாதாரணப் பயணியிடம் கட்டணம் வாங்குவார்கள். உயர் தகுதி பெற்ற உறுப்பினருக்குப் பெரும்பாலும் இலவசம். மற்றொன்று, உறுதி ஏதுமின்றிப் பட்டியலில் பெயரைக் கொடுத்துவிட்டு வாயிலருகே காத்திருப்பது. இதில் ஓர் ஆறுதல் உண்டு. இடம் கிடைக்காவிட்டால், மாலை 6 மணிக்கு உரிய பழைய இருக்கை அவருக்காகவே இருக்கும். இடம் கிடைத்த பின்னர்தான் அது கைவிட்டுப் போகும்.

பழைய வரிசைகள்

யாருமே காத்திருக்கத் தேவையில்லாத ஒரு காலமும் இருந்தது என்றால் வியப்பாக இருக்கும். 1961ஆம் ஆண்டு ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் நிறுவனம் நியூயார்க், பாஸ்டன், வாஷிங்டன் நகரங்களுக்கிடையே ஒரு சேவையைத் தொடங்கியது. முன்பதிவு இல்லை, வந்தவருக்கெல்லாம் இருக்கை உறுதி. விமானம் நிரம்பிவிட்டால், எஞ்சியவர் ஒரே ஒருவராயினும், அவருக்காக இன்னொரு விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நகரப் பேருந்தைப் போல ஏறிய பிறகே கட்டணம் செலுத்தலாம். 1966இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இளைஞர்களுக்குப் பாதிக் கட்டணச் சீட்டு ஒன்றை வழங்கியது. இடமிருந்தால் ஏறலாம், இல்லையேல் அடுத்த விமானம்.

1977 செப்டம்பரில் ஃப்ரெடி லேக்கர் என்னும் ஆங்கிலேயர் லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு 'ஸ்கைடிரெயின்' என்ற சேவையைத் தொடங்கினார். கட்டணம் 59 பவுன். முன்பதிவு கிடையாது, புறப்படும் நாளன்று வரிசையில் நின்று சீட்டு வாங்க வேண்டும். மாணவரும் முதியவரும் செல்வரும் வறியவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். முதலில் வந்தவருக்கே முதலிடம். 1982 பிப்ரவரியில் அந்த நிறுவனம் நொடித்துப்போனது. அந்த வரிசையும் அத்துடன் கலைந்தது.

அட்டையின் நிறம்

அதற்கு முன்பே வேறொரு வரிசை உருவாகத் தொடங்கியிருந்தது. 1978இல் அமெரிக்க அரசு, விமானக் கட்டணங்களையும் தடங்களையும் தானே நிர்ணயிக்கும் முறையைச் சட்டமியற்றிக் கைவிட்டது. போட்டி மூண்டது. பயணியைத் தம்மிடமே கட்டிவைக்கும் வழியை நிறுவனங்கள் தேடின. 1981 மே முதல் தேதி அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'ஏஅட்வான்டேஜ்' என்னும் திட்டத்தை அறிவித்தது. பறந்த தூரத்தைக் கணக்கு வைத்து, அதற்கு ஈடாக இலவசப் பயணம் தருவது அத்திட்டம். மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. நாளடைவில் உறுப்பினர்களுக்கிடையே தரவரிசை வகுக்கப்பட்டது. அமெரிக்கன் நிறுவனத்தில் கோல்ட், பிளாட்டினம், பிளாட்டினம் புரோ, எக்சிகியூட்டிவ் பிளாட்டினம் என்று படிப்படியாக உயரும். இதைத்தான் 'எலைட்' தகுதி என்கிறார்கள்.

ஸ்டாண்ட்பை பட்டியலின் வரிசையை முடிவு செய்வதில் இத்தகுதிக்குப் பெரும்பங்கு உண்டு. பொதுவாக, நிறுவனத்தின் தவறாலோ தாமதத்தாலோ விமானத்தை இழந்தவர்கள் முதலில் வருவார்கள். அடுத்து உயர் தகுதியினர், தரவரிசைப்படி. பிறகு சாதாரணப் பயணிகள். ஒரே தகுதியினருக்குள்தான் யார் முதலில் கேட்டார் என்ற கேள்வியே எழுகிறது. சலுகைச் சீட்டில் பயணம் செய்யும் விமான ஊழியர் கடைசியில் நிற்பார். ஆகவே காலை 8 மணிக்கே பெயர் கொடுத்து முதலிடத்தில் இருந்தவர், 11 மணிக்கு வந்து சேர்ந்த இரண்டு பிளாட்டினம் உறுப்பினர்களால் மூன்றாம் இடத்துக்கு இறங்கிவிடுவார். அவர் கண்ணெதிரிலேயே, திரையிலேயே இது நிகழும்.

நம் இரயில்வேயின் காத்திருப்போர் பட்டியலில் எண் குறையுமே தவிர கூடாது. ஆனால் அங்கும் அவசர ஒதுக்கீடு என்ற பெயரில் பரிந்துரைக் கடிதம் பெற்று முந்திச் செல்வோர் இருக்கிறார்கள் அல்லவா? அமெரிக்கர் அந்த ஒதுக்கீட்டுக்கு ஒரு விலை வைத்து, விதிகளை அச்சிட்டு, வெளிப்படையாகவே நடத்துகிறார்கள். ஒளிவு மறைவு இல்லை என்பது இதன் சிறப்பு. துக்கச் செய்தியோடு நிற்பவரையும், கூட்டம் சீக்கிரம் முடிந்ததால் இல்லம் திரும்ப விரும்புபவரையும் கணினி வேறுபடுத்திப் பார்ப்பதில்லை என்பது இதன் குறை. அதற்குத் தெரிந்ததெல்லாம் அட்டையின் நிறம் ஒன்றே.

நெடுங்காலம் சாதாரணப் பயணி இவ்வாறு காத்திருப்பதற்கே கட்டணம் செலுத்த வேண்டியிருந்தது. தகுதி பெற்றவருக்கு மட்டும் இலவசம். கொரோனா காலத்தில் விமானங்கள் காலியாகப் பறந்தபோது நிலைமை மாறியது. 2020 அக்டோபர் முதல் அதே நாளில் அதே ஊருக்குச் செல்லும் விமானத்துக்குக் கட்டணமின்றிக் காத்திருக்கலாம் என்று அமெரிக்கன் நிறுவனம் அறிவித்தது. யுனைட்டெட் நிறுவனம் 2021 ஜனவரி முதல் அவ்வாறே செய்தது. தகுதி பெற்ற உறுப்பினருக்கு உறுதியான மாற்றத்தையே இலவசமாக்கியது. கதவு எல்லோருக்கும் திறந்தது. வரிசை மட்டும் மாறவில்லை.

அப்படியானால் தகுதியைத் தேடி ஓடலாமா? அமெரிக்கன் நிறுவனம் 2023இல் கோல்ட் தகுதிக்குரிய புள்ளிகளை 30,000இலிருந்து 40,000ஆக உயர்த்தியது. சாதாரண உறுப்பினர் ஒருவருக்கு அடிப்படைக் கட்டணத்தில் ஒரு டாலருக்கு 5 புள்ளிகள் என்றால், பறந்தே சேர்ப்பதற்கு 8,000 டாலர் செலவாகும். மாதத்துக்கு நான்கு முறை அலுவலகச் செலவில் பறப்பவருக்கு அது தானே வந்து சேரும். ஆண்டுக்கு இருமுறை பறக்கும் குடும்பத் தலைவருக்கு அது வேண்டாத சுமை. ஆண்டிறுதியில் புள்ளிகள் குறைகின்றன என்பதற்காக, எவ்வித வேலையுமின்றி ஓர் ஊருக்குப் பறந்து அதே நாளில் திரும்புவோரும் அந்நாட்டில் உண்டு. வீண்விரயம் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

காத்திருப்பவர் அறிய வேண்டியவை

பெட்டியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். முந்திய விமானத்தை நாடுபவர் கைப்பையுடன் மட்டும் செல்வதே அறிவுடைமை. பெட்டியை ஒப்படைத்த பிறகு விமானம் மாறினால், ஆள் நண்பகலிலும் பெட்டி இரவிலுமாக வந்து சேரக்கூடும். அமெரிக்க உள்நாட்டுப் பயணத்தில் இது நடக்கும். பன்னாட்டுப் பயணத்திலோ, ஆள் ஏறாத விமானத்தில் அவர் பெட்டி செல்லலாகாது என்பது பொது விதி. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அட்லாண்டிக் கடலுக்கு மேல் வெடித்துச் சிதறி 329 பேர் மாண்டார்கள். குண்டு இருந்த பெட்டிக்கு உரியவன் அவ்விமானத்தில் ஏறவே இல்லை. கடைசி நேர மாற்றங்கள் பன்னாட்டு விமானங்களில் அரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வளைகுடாவிலிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ வரும் நம்மவர்கள் இந்த வசதியை எதிர்பார்த்து விமான நிலையம் செல்ல வேண்டா. அங்கே மாற்றம் என்றால் பெரும்பாலும் கட்டணம்தான்.

பெயரைப் பதிவு செய்வது கைபேசிச் செயலியிலேயே முடியும். வாயிலில் இருக்கும் ஊழியரிடமும் கேட்கலாம். புறப்பட ஒரு மணி நேரத்துக்கு முன்னதாகவே கேட்டுவிடுவது நலம். அன்றைய மாலைச் சீட்டு கையில் இருப்பதால் பாதுகாப்புச் சோதனையைக் கடந்து உள்ளே செல்லத் தடையில்லை. நியூயார்க்கைச் சுற்றிக் கென்னடி, லாகார்டியா, நெவார்க் என்று மூன்று நிலையங்கள் உள்ளன. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றில் இறங்கச் சில நிறுவனங்களே இசைகின்றன. கேட்டுத் தெளிய வேண்டும்.

வாயிலருகே உள்ள திரையில் குடும்பப் பெயரின் முதல் சில எழுத்துகளும் பயணியின் பெயரின் முதலெழுத்தும் மட்டுமே தோன்றும். நம்மவர் பலருக்குக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயராக இருப்பது வாப்பாவின் பெயர். எனவே தம் பெயரைத் தேடிக் காணாமல் மனம் தளர வேண்டா. வாப்பாவின் பெயரைத் தேடுங்கள். அதிலும் 'முஹம்மது' என்று தொடங்கும் பெயர்கள் ஒரே பட்டியலில் இரண்டு மூன்று வந்துவிட்டால், அழைக்கப்பட்டது யார் என்று கேட்டு உறுதி செய்துகொள்வதே வழி.

கதவு மூடப்படுவதற்குச் சற்று முன்னர்தான் பெரும்பாலான இருக்கைகள் பங்கிடப்படுகின்றன. புறப்பட 15 நிமிடம் இருக்கும்போதே கதவை மூடிவிடுவார்கள். ஆகவே தேநீர் குடிக்கவோ தொழுகைக்குரிய அறையைத் தேடியோ அந்நேரத்தில் வாயிலைவிட்டு அகலக் கூடாது. தொழுகையை முன்னரே முடித்துக்கொள்வது நன்று. கிடைக்கும் இருக்கை பெரும்பாலும் பின்வரிசையில், இருவருக்கு நடுவில் இருக்கும். சன்னலோரம் என்று முன்பு தேர்ந்தெடுத்தது போய்விடும். மனைவி மக்களுடன் செல்பவர் இதில் இறங்காதிருப்பதே மேல். நால்வரும் நான்கு மூலைகளில் அமர நேரலாம். இடம் இரண்டே என்றால் பிரிய நேரலாம்.

நாளும் நேரமும் பார்க்க வேண்டும். வெள்ளி, ஞாயிறு மாலைகளில் நம்பிக்கை குறைவு. வார நடுவில் நண்பகல் விமானங்களில் இடம் கிடைக்கும். புயலாலோ பனியாலோ காலை விமானங்கள் நின்றுபோன நாளில், இடம் இழந்தவர்களே பட்டியலை நிரப்பிவிடுவார்கள். அன்று தங்க அட்டையும் பயன் தராது.

மரணச் செய்தி கேட்டுப் புறப்படுபவருக்கு ஒரு சொல். மையித்தை நெடுநேரம் வைத்திருக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஜனாஸாவுக்குச் சென்று சேர வேண்டியவர் பட்டியலை நம்பி நிற்க வேண்டா. கட்டணம் செலுத்தி உறுதியான மாற்றத்தைப் பெறுங்கள். ஊழியரிடம் காரணத்தைச் சொல்லுங்கள்; வேறோர் ஊர் வழியாக விரைவில் செல்லும் தடம் ஒன்றை அவர் தேடித்தரக்கூடும். நியூயார்க்கிலிருந்து தாயகம் வரும் பன்னாட்டுச் சீட்டு தனியே வாங்கப்பட்டிருந்தால், உள்நாட்டு விமானம் தாமதமாகி அதைத் தவறவிடும் இழப்பு முழுவதும் உங்களுடையதே. அத்தகைய நாளில் இரண்டு மணி நேரம் முந்திச் செல்லும் இருக்கைக்குக் கொடுக்கும் பணம் செலவன்று. இரண்டும் ஒரே சீட்டாக இருந்தால், உள்நாட்டுப் பகுதியைத் தாமாகச் செயலியில் மாற்ற முயலாமல் ஊழியர் மூலமே மாற்ற வேண்டும்.

பெயர் அழைக்கப்பட்டு இருக்கை கிடைத்ததும், கதவு மூடுமுன், அழைத்துச் செல்ல வருபவருக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். அவர் இன்னும் மாலை விமானத்தையே கணக்கு வைத்திருப்பார்.