குரங்குக் காய்ச்சலும் மூலக்கூற்றுப் பரிசோதனைகளும்: ஓர் ஒப்பீடு

தெரணியகலைத் தோட்டங்களிலே காய்ச்சல் கண்ட தொழிலாளி முதல் நாளே வைத்தியசாலையை நாடுவது அரிது. 'பேர்' விழாது போய்விடும் என்ற கணக்கிலே இரண்டு மூன்று நாட்கள் கழிந்துவிடுகின்றன. இவ்வாறு கழியும் நாட்கள் ஆய்வுகூட முடிவையே மாற்றிவிட வல்லவை. இதனைத் தெளிவாகக் காட்டும் நோய் மேற்குத் தொடர்ச்சி மலைக்குரிய கியாசனூர் வனக் காய்ச்சலாகும். மக்கள் இதனைக் குரங்குக் காய்ச்சல் என்பர்.

1957ஆம் ஆண்டு, இன்றைய கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்துக் கியாசனூர்க் காட்டிலே குரங்குகள் இறந்தன, மனிதரும் நோயுற்றனர். உண்ணிகள் பரப்பும் வைரசு ஒன்றே காரணம் எனக் கண்டறியப்பட்டது. 2012-13 காலப்பகுதியில் நீலகிரிக் குரங்குகளிலும், 2015இல் வயநாட்டுப் பழங்குடியினரிடையேயும் இந்நோய் காணப்பட்டது. நோயுற்றோரில் நூற்றுக்கு மூவர் முதல் ஐவர் வரை இறக்கின்றனர். உண்ணிக்கு வர்க்கபேதம் இல்லை. ஆயின் விறகுக்கும் சருகுக்கும் காட்டுக்குட் செல்பவர் யார் என்பதை உற்பத்தி உறவுகளே தீர்மானிக்கின்றன.

தொடக்கத்தில் இக்காய்ச்சலை டெங்கு முதலியவற்றினின்றும் குறிகளாற் பிரித்தறிதல் கடினம். முன்னர் நோயாளியின் குருதியைச் சுண்டெலிக் குஞ்சுகளுக்கு ஏற்றி வைரசைப் பிரித்தெடுத்தனர். நாட்கள் பல சென்றன, ஆய்வாளரும் நோய்வாய்ப்பட்டனர். 2012இல் புனே தேசிய வைரசியல் நிறுவனத்தினர் மூலக்கூற்று முறைகளை வெளியிட்டமை பெருந்திருப்பமாகும்.

இம்முறைகள் யாவும் வைரசின் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாகப் படியெடுத்து, அப்படியைப் பெருக்குவன. ஒவ்வொரு சுற்றிலும் படிகள் இரட்டிப்பதால், முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடிக்கும் மேலாகலாம். இரட்டைப் படி பி.சி.ஆர். முறையில் முதற் பெருக்கத்தின் விளைவை எடுத்து, அதன் உட்பகுதியை மீண்டும் பெருக்குவர். மிகச் சிறிதளவு வைரசும் அகப்படும். ஆனால் இடையிற் குழாயைத் திறக்க வேண்டியிருப்பதால், ஒருவரின் மாதிரி மற்றொருவரின் மாதிரியிற் கலந்து பொய்யான முடிவு தரக்கூடும். நிகழ்நேர பி.சி.ஆர். மூடிய குழாயிலேயே ஒளிர்வை அளப்பது. விரைவானது, வைரசின் அளவையும் உணர்த்துவது. விலையுயர்ந்த கருவியும், தடையற்ற மின்சாரமும், பயிற்சி பெற்றோரும் அதற்கு வேண்டும். கோவாவின் மோல்பயோ நிறுவனத்தின் 'ட்ரூநாட்' மின்கலத்தில் இயங்குவது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் விடை தருவது. ஒரே வேளையிற் சில மாதிரிகளையே ஆராயலாம் என்பது குறையெனினும், காட்டோரச் சுகாதார நிலையத்துக்கு அக்குறை பெரிதன்று. தொலைவிலுள்ள சிறந்த கருவியினும் அருகிலுள்ள இதுவே மேல் என்பது எம் கருத்து.

எனினும் எக்கருவியும் குருதியில் இல்லாத வைரசைக் காட்டாது. நோயின் முதல் நாட்களில் ஆர்.என்.ஏ. மிகுந்திருக்கும், பின்னர் குறைந்து மறையும். ஏறத்தாழ ஐந்தாம் நாளளவில் ஐ.ஜி.எம். பிறபொருளெதிரி தோன்றுகின்றது, அதனை எலைசா முறை காட்டும். இலக்கிய மாணவராகிய நாம் இதனை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்: பி.சி.ஆர். மூலநூலின் ஏட்டையே தேடுவது. எலைசாவோ ஏடு அழிந்த பின், அந்நூல் இருந்தமைக்கு உரைகாரர் தரும் சான்றைத் தேடுவது. மூன்றாம் வாரத் தொடக்கத்திற் சிலருக்கு நரம்புக் கோளாறுகளுடன் காய்ச்சல் மீளும். அப்பொழுது பி.சி.ஆர். 'இல்லை' என்பதைக் கொண்டு நோயில்லை என முடிவுகட்டுதல் தவறாகும்.

பரிசோதனை முறைகளை ஒப்பிடும் கட்டுரைகள் நுண்ணுணர்திறனையே முதன்மையாக நோக்குகின்றன. நோயாளி எத்தனையாம் நாள் வருகிறார், மாதிரி எத்தனை மணி நேரம் குளிரின்றிப் பயணஞ் செய்கிறது என்பன அடிக்குறிப்பாகிவிடுகின்றன. நாட்கூலியாளர் ஐந்தாம் நாள் வருவாராயின், ஒரே குருதியில் இரு பரிசோதனைகளும் செய்யப்படல் வேண்டும்.

குரங்குக் காய்ச்சல் எம் தோட்டங்களுக்குரிய நோயன்று. ஆனால் சப்பிரகமுவவில் ஆண்டுதோறும் பரவும் எலிக்காய்ச்சல் பக்டீரியாவால் வருவதாயினும் இதே கால ஒழுங்குக்கு உட்பட்டதே: முதல் நாட்களிற் பி.சி.ஆர்., வாரமளவிற் பிறபொருளெதிரி. குருதிக் குழாயின் மேல் பெயரும் வயதும் எழுதுகையில், காய்ச்சல் தொடங்கிய நாளையும் கேட்டெழுதுவதற்கு எக்கருவியும் வேண்டியதில்லை.