உபாத்தியாயரின் பக்ஷபாதமும் பெற்றோரின் உரிமையும்

உபாத்தியாயர் ஒரு பிள்ளையை அடித்தால் தழும்பாவது சாட்சி சொல்லும். கேள்வி கேட்கும் வேளையில் அவனை விட்டு அடுத்த பையனிடம் திரும்பிவிட்டால் அதற்குச் சாட்சி ஏது? அமெரிக்காவின் பொதுப் பள்ளிகளில் மெக்ஸிகோ வமிசத்துப் பிள்ளைகள் அனுபவித்துவந்த அநீதியில் பெரும்பகுதி இத்தகையதே.

வெளிப்படையான அநீதியும் இல்லாமலில்லை. கலிபோர்னியாவில் மெண்டெஸ் குடும்பத்தாரும் வேறு நான்கு குடும்பத்தாரும் தொடுத்த வழக்கிலே, இப்பிள்ளைகளைத் தனிப் பள்ளிகளில் ஒதுக்கிவைத்தது செல்லாதென்று 1946-ல் தீர்ப்பாகி, மறு ஆண்டு அப்பீலிலும் ஊர்ஜிதமாயிற்று. ஆயினும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த பிறகும் வித்தியாசம் நீடித்தது என்பதை, கலிபோர்னியா, டெக்ஸாஸ், நியூ மெக்ஸிகோ ராஜ்யங்களின் வகுப்பறைகளுக்கு ஆட்களை அனுப்பி, உபாத்தியாயர்களின் பேச்சைக் கவனித்துக் கணக்கெடுத்த சிவில் உரிமைக் கமிஷன் 1973-ல் வெளியிட்ட அறிக்கை காட்டிற்று: வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பாராட்டும் ஊக்கமும் 36 சதவிகிதம் அதிகம்; அவர்களிடம் கேட்ட கேள்விகள் 21 சதவிகிதம் அதிகம்; அவர்கள் சொன்னதை ஏற்றுப் பாடத்தை விரித்தது 40 சதவிகிதம் அதிகம். அந்த உபாத்தியாயர்கள் எல்லோரும் துவேஷிகள் என்று நான் நினைக்கவில்லை. தாம் செய்வது இன்னதென்று அறியாமலே செய்தவர்கள்தாம் மிகுதியாயிருப்பர், அதனாலேயே இது திருத்துவதற்கு அரிதாயிற்று.

இத்தகைய வேற்றுமையின் விளைவு அற்பமானதன்று. கலிபோர்னியாவின் மாண்டெரே ஜில்லாவில் ஒன்பது பிள்ளைகளை, வீட்டில் ஸ்பானிஷ் பேசிய அவர்களுக்கு இங்கிலீஷில் புத்திப் பரீக்ஷை வைத்து, மந்தபுத்திக்காரர் வகுப்பில் தள்ளிவிட்டார்கள். வழக்கு வந்தபின், 1970-ல், தாய்மொழியிலும் பரீக்ஷிக்க வேண்டுமென்று ராஜி ஏற்பட்டது.

பரிகாரம் என்ன? சமஷ்டி சர்க்காரின் பணம் பெறும் எந்தப் பள்ளியும் இனம், நிறம், பூர்விக தேசம் காரணமாக வேற்றுமை காட்டலாகாது என்பது 1964-ம் வருஷத்துச் சிவில் உரிமைச் சட்டம். மீறினால் கல்வி இலாகாவின் சிவில் உரிமை அலுவலகத்துக்கு மனுச் செய்யலாம். கட்டணமில்லை, வக்கீல் வேண்டியதில்லை, மனுக் கொடுத்தவரைப் பள்ளி பழிவாங்குவதும் சட்ட விரோதம். குடியேற்றப் பத்திரம் இல்லாத பிள்ளைக்கும் இலவசப் பள்ளிப் படிப்பு உண்டென்று 1982-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருப்பதால், பத்திரமில்லையே என்ற அச்சத்தினால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமலிருக்க வேண்டியதில்லை.

நேரே கோர்ட்டுக்குப் போவது மட்டும் கடினம். 2001-ம் வருஷத்துத் தீர்ப்பு ஒன்றின்படி, இச்சட்டத்தைக் கொண்டு வழக்காடும் தனிநபர், பள்ளி வேண்டுமென்றே வேற்றுமை காட்டியதாக நிரூபித்தாக வேண்டும். ஆகவே பெற்றோர், நடந்ததைத் தேதியிட்டு எழுதிவைப்பதும், பிள்ளையின் பள்ளிப் பதிவேட்டைக் கேட்டுப் பார்ப்பதும் அவசியம். கேட்ட 45 நாளுக்குள் பள்ளி அதைக் காட்டியே தீரவேண்டும். சிவில் உரிமை அலுவலகத்துக்குச் செய்யும் மனுவுக்குரிய கெடு, சம்பவம் நடந்த தினத்திலிருந்து 180 நாள். ஆண்டுப் பரீக்ஷை முடியட்டுமென்று காத்திருப்பவர்கள் அதைத் தவறவிட்டுவிடக்கூடும்.