கட்டடக் கலைக் கல்வியும் கிராம மண்ணும்

நமது கிராமங்களில் எழும் பள்ளிக் கட்டடத்திற்கும் பஞ்சாயத்து அலுவலகத்திற்கும் வரைபடம் வெளியூரிலிருந்தே வருகின்றது. வரைபவர்கள் சிமெண்டையும் கம்பியையும் பற்றி விரிவாகப் பயின்றவர்கள். ஆயின், ஊர் மண்ணைத் தம் கையால் பிசைந்து அறியும் வாய்ப்பு அவர்களுள் பலருக்குக் கிட்டுவதில்லை. கட்டடக் கலைப் பட்டப் படிப்பு ஐந்தாண்டுகள். அதில் ஒரு பருவமேனும் கிராமக் கொத்தனாரின் பக்கத்தில் கழிதல் வேண்டும் என்பது நமது கருத்து.

1917-ல் இங்கிலாந்தில் பிறந்த லாரி பேக்கர் அங்கேயே இக்கலையைக் கற்றவர். 1945-ல் இந்தியாவுக்கு வந்து, பின்னர் இமயமலைப் பகுதியிலுள்ள பித்தோராகட்டில் வாழ்ந்தபொழுது, தாம் கற்றது அங்கே பெரிதும் பயன்படாமை கண்டார். மலை மக்களின் வீடுகளைப் பார்த்து மீண்டும் மாணவரானார். பிற்காலத்தில் கேரளத்தில் அவர் பரப்பிய முறையில், செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பின்மேல் நிறுத்தி, இடையே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்புவர். ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சமாகும். வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கும்.

விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லில் 1989 முதல் மண் கட்டடப் பணி நடைபெற்று வருகின்றது. படித்தவரும் கொத்தனாரும் அங்கே பயிற்சி பெறுகின்றனர். மண்ணுடன் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் சிமெண்டு கலந்து, சிறிதே ஈரமாக்கிப் பொறியிலிட்டு அழுத்திக் கல்லாக்குவர். சூளையும் விறகும் வேண்டா. நான்கு வாரம் பதப்படுத்தினால் போதும். களி மிகுந்த மண்ணுக்குச் சிமெண்டைவிடச் சுண்ணாம்பே ஏற்றது.

விவசாயிகள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். மட்கு கலந்த மேல்மண் இக்கல்லுக்கு உதவாது. அதை வழித்து வயலுக்கே திருப்பிவிட்டு அடிமண்ணை எடுக்க வேண்டும். (சூளைக்கு மேல்மண்ணை விற்றவர்கள் அதன் பலனைப் பின்வந்த விளைச்சலில் கண்டிருப்பார்கள்.) கண்ணாடிப் புட்டியில் கால் பங்கு அடிமண்ணிட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால், மணல் முதலில் அடியில் படியும், அதன்மேல் வண்டல், கடைசியாகக் களி. பள்ளிச் சிறுவனும் செய்யத்தக்க இச்சோதனையைக் கட்டடக் கலை மாணவன் செய்யாதிருப்பது முறையாகுமா?

மண் சுவர் மழையில் கரையும் என்று அஞ்சுவோர் உளர். அடித்தளத்தை உயர்த்தி, கூரையைச் சுவருக்கு வெளியே நன்கு நீட்டினால் அவ்வச்சம் பெரிதும் நீங்கும். இதனை நம் முதிய கொத்தனார்கள் அறிவர். அவர்களோ ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஆகவே, அடுத்த கட்டடம் தீர்மானமாகும்போதே அருகிலுள்ள கல்லூரிக்கு எழுதி, மாணவர்களை வரவழைக்குமாறு பஞ்சாயத்து உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். கற்பிக்கும் கொத்தனாருக்கு நாட்கூலியோடு ஆசிரியருக்குரிய ஊதியமும் கிடைக்கும்படி கல்லூரியோடு முன்கூட்டியே பேசிக்கொள்வது நலம்.